கேட்பது தயவா, கடமையா?

கொள்முதல் விலை, கப்பல் கூலி, பற்று வரவு, நிலுவை ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். கடைக்குள் வேலை செய்கிறவர்களிடையே உண்டாகும் மனஸ்தாபத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வெளியே தெரிந்தால் கௌரவக் குறைவு என்று எண்ணி மூடி வைத்துவிடுகிறோம். மூடி வைத்த மாவு புளித்துப் பொங்குவது போல அதுவும் ஒரு நாள் பொங்கத்தான் செய்கிறது. பத்து வருஷம் கூட இருந்த சிப்பந்தி ஒரு வார்த்தைக்காகக் கணக்கு முடித்துக்கொண்டு போகிறார். அவர் முகத்துக்காக வந்துகொண்டிருந்த வாடிக்கையும் அவர் பின்னாலேயே போகிறது. பிறகு நாம் பெட்டியடியில் உட்கார்ந்துகொண்டு, "நன்றி கெட்ட உலகம்" என்று பெருமூச்சு விடுகிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் பினாங்கு மார்க்கெட் தெருவிலும் சூலியா தெருவிலும் இருந்த நம்மவர் கடைகளில் முதலாளியும் சிப்பந்தியும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். மேல்மாடியில் படுக்கை, கீழே கடைச் சோறு. ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து உண்பார்கள். அந்தச் சஹனில்தான் பாதி வழக்குகள் தீர்ந்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே தட்டில் கை வைக்கிறவனிடம் எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? (பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் ஏச்சும் இருந்தது, அடியும் இருந்தது.) இன்று காசுப் பெட்டியில் மலாய்ப் பெண்மணி, கிடங்கில் வங்காளதேசத்துப் பையன், வேன் ஓட்டுவது இந்துத் தமிழர், கணக்கெழுத வருவது சீனப் பெண். ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு பெருநாள், ஆளுக்கொரு பொட்டலச் சோறு. ஊர் உறவும் ஒரே தட்டும் செய்துவந்த வேலையை இனி வேறு ஏதாவது செய்தாக வேண்டும். பேச்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்வோம். கடையின் பெயர் வேண்டியதில்லை. அங்கே பதினோரு வருஷமாக ஓர் இந்துத் தமிழர் வேலை செய்கிறார். நல்ல உழைப்பாளி. சென்ற வருஷம் திடீரென்று வெள்ளிக்கிழமைகளில் அவர் முகம் மாற ஆரம்பித்தது. ஜும்ஆவுக்குப் போய் வருகிறவர்களுடன் பேச மாட்டார். டின்களை எடுத்து வைத்தால் கடை அதிரும்படி வைப்பார். தலைமைச் சிப்பந்தி முதலாளியிடம் போய், "நாம தொழப் போறது அவருக்குப் பிடிக்கலை முதலாளி, மார்க்க துவேஷம்தான்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் நம்பினார்கள். அவரை நிறுத்திவிடுவது என்பது வரை பேச்சுப் போயிற்று.

நிறுத்துவதற்கு முன் முதலாளி ஒரு காரியம் செய்தார். கடை சாத்திய பிறகு, அவரைப் பெட்டியடிக்கு அழைக்காமல் தாமே கிடங்குக்குப் போய் ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "அண்ணே, வெள்ளிக்கிழமையிலே உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். "ஏன் இப்படி நடந்துக்கிறீங்க?" என்று கேட்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "தொழுகைக்குப் போறதை நான் குறை சொல்வேனா பாய்? லாரி அந்த நேரத்துலதான் வருது. எல்லாரும் போயிடுறாங்க. முப்பது நாப்பது மூட்டையை நான் ஒருத்தனா இறக்குறேன். எனக்குக் குடலிறக்கம்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகுது." "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?" என்றதற்கு, "சொன்னா, ஜும்ஆவுக்கு எதிரா பேசுறான்னு ஆயிடுமே" என்றார்.

சண்டை மார்க்கத்தைப் பற்றியது என்று கடை முழுவதும் நம்பியிருந்தது. உண்மையில் அது லாரி வரும் நேரத்தைப் பற்றியது. மறுநாள் சரக்கு அனுப்புகிறவருக்கு டெலிபோன் செய்ததும் லாரி மூன்று மணிக்கு மாறியது. அவருக்கு வைத்தியத்துக்கு லீவும் கிடைத்தது. ஒரு கேள்வியில் தீர்ந்த விஷயத்துக்காக ஒரு மனிதரின் பிழைப்பு போக இருந்தது.

ஏன் யாரும் கேட்கவில்லை? மார்க்கம், இனம், பாஷை என்பவை பெரிய பெயர்கள். ஒருவருடைய சிறு குறைக்கு இப்படிப்பட்ட பெரிய பெயரைச் சூட்டிவிட்டால் பிறகு அதை விசாரிக்கும் சிரமம் நமக்கு இல்லை. அவருக்கும் வாய் அடைத்துப் போகிறது. எல்லாச் சண்டையும் லாரியால் வருவது என்றும் நாம் சொல்லவில்லை. ஒருவரை இனத்தைச் சொல்லி ஏசுவதும், அவருடைய சாமியையோ சாப்பாட்டையோ கேலி செய்வதும் உண்டு. அது உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்துகொள்ளும் மனஸ்தாபம் அல்ல. ஏசியவரை முதலாளி கண்டித்து நிறுத்த வேண்டிய காரியம். ஏச்சு வாங்கியவரையும் கூட்டி வைத்து, "இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது நியாயமாகாது.

நம் வியாபாரிகளில் அநேகர், சம்பளம் கொடுப்பது கடமை, குறையைக் கேட்பது தயவு என்று எண்ணுகிறார்கள். தயவு என்றால் நேரமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம். நாம் அப்படி எண்ணவில்லை. நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள். பெரிய தத்துவம் அறியோம். ஆயினும் குர்ஆனின் 58-வது அத்தியாயத்துக்கு, தர்க்கித்த ஒரு பெண்ணை வைத்தே பெயர் வந்தது என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவோம். கணவர் சொன்ன ஒரு சொல்லால் தம் வாழ்வு சிதைந்துவிட்டதென்று கவ்லா (ரலி) என்னும் அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அக்காலத்து வழக்கம் அவருக்குச் சாதகமாக இல்லை. அவர் அத்துடன் போய்விடாமல் திரும்பத் திரும்ப வாதாடினார். அந்த முறையீடு அர்ஷில் கேட்கப்பட்டது. அரபு நாட்டின் பழைய வழக்கமே மாறியது. செல்வாக்கில்லாத ஒரு பெண்ணின் குறைக்கு அவ்வளவு மதிப்பு இருக்குமானால், நம் கிடங்கில் மூட்டை இறக்குகிறவரின் குறையைக் கேட்பது நம் தயவில் நிற்கும் காரியமா?

இனி, அனுதாபம் என்கிறார்களே, அதையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டும். பிறர் துயரத்தைத் தன் துயரமாக உணர்வது நல்ல குணம்தான். ஆனால் அது மட்டும் நியாயம் வழங்காது. தாவூது நபி (அலை) அவர்களிடம் இருவர் வழக்குக் கொண்டுவந்த சம்பவம் 38-வது அத்தியாயத்தில் வருகிறது. இவனுக்குத் தொண்ணூற்றொன்பது ஆடுகள், எனக்கு ஒன்றே ஒன்று, அதையும் கேட்கிறான் என்றார் ஒருவர். கேட்ட மாத்திரத்தில் எவர் மனமும் இளகிவிடும். தாவூது நபியும் உடனே அவர் பக்கம் சொல்லிவிட்டுப் பிறகு அது தமக்கு ஒரு சோதனை என்று உணர்ந்தார்கள். மற்றவருடைய பேச்சைக் கேட்குமுன் சொன்னதே அந்தச் சோதனை என்று விரிவுரையாளர்களில் சிலர் விளக்கம் கூறுகின்றனர். இரக்கம் முதலில் வந்து அழுகிறவர் பக்கம் சாயும். நம் கடைகளில் அது இன்னும் சுலபமாக நம் ஊர்ப் பையன் பக்கம் சாயும். அவன் பேச்சு நமக்குப் புரிகிறது. அவன் வாப்பாவை நமக்குத் தெரியும். வங்காளதேசத்துப் பையனின் வாப்பாவை யாருக்குத் தெரியும்?

பாஷையின் சங்கடமும் லேசானதல்ல. கிடங்குப் பையனுக்கும் தலைமைச் சிப்பந்திக்கும் தகராறு என்றால், பையன் சொல்வதை முதலாளிக்கு மொழிபெயர்ப்பவர் யார்? அதே தலைமைச் சிப்பந்திதான்! குற்றம் சாட்டப்பட்டவரே வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிடுகிறார். இப்படி விசாரித்து, "அவனே ஒத்துக்கொண்டான்" என்று முடித்த வழக்குகள் எத்தனையோ. பையனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலேயே நேரடியாகக் கேட்டால் பத்து நிமிஷம் கூடச் செலவாகும். அல்லது பக்கத்துக் கடையில் அவன் பாஷை தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். தேத்தண்ணீர் நேரத்தில் நாம் தமிழில் பேசிச் சிரிப்பதும் அப்படித்தான். அவனைப் பற்றி இல்லாவிட்டாலும் அவனைப் பற்றியே என்று அவனுக்குத் தோன்றும். அந்நிய ஊரில் தனியாக இருந்தவர்களுக்கு இது தெரியும். நம் முன்னோர்களும் அப்படி வந்து இருந்தவர்கள்தாமே.

சர்க்காரும் இதே வழியில்தான் போகிறது. மலேசியாவின் 1967-ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டப்படி, அநியாயமாக வேலை நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர் 60 நாட்களுக்குள் முறையிட்டால் முதலில் இரு தரப்பாரையும் வைத்துச் சமரசம் பேசுகிறார்கள். தீராவிட்டால்தான் வழக்கு. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டமோ, சிப்பந்தியின் முறையீட்டை விசாரிக்க முதலாளியிடம் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்கிறது. 25 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு வைத்திருக்கிறார்கள். நம் கடைகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் வந்துவிடும். சட்டம் விலக்கிவிட்டதால் நாமும் விலகிக்கொள்ளலாமா என்பது அவரவர் யோசிக்க வேண்டியது. சிப்பந்தி லேபர் ஆபீஸுக்குப் போனால் அதைத் துரோகம் என்று சொல்வதும் சரியல்ல. இங்கே கேட்க ஆளில்லை என்றுதானே அங்கே போகிறார்?

சிலர் நன்றாகப் பேசுவார்கள். தோளில் கை போடுவார்கள், "நீ நம்ம பிள்ளை மாதிரி" என்பார்கள். ஓவர்டைம் கணக்கு மட்டும் வராது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சட்டம் ஆகியிருக்க, பழைய 48 மணிக் கணக்கிலேயே கடை நடத்திக்கொண்டு அன்பு பேசுவது என்ன நியாயம்? கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு பேசும் பேச்சுக்குத்தான் பேச்சு என்று பெயர்.

இன்னொரு விஷயம் உண்டு. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வெளிநாட்டுச் சிப்பந்தியின் பாஸ்போர்ட்டை வாங்கி நம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, "எதுவாக இருந்தாலும் தைரியமாகச் சொல்" என்றால் அவர் எப்படிச் சொல்வார்? மலேசியாவின் 1966-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி, சட்ட அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும். ஒருவர் ஊர் போகும் வழியே நம் சாவிக்கொத்தில் தொங்கும்போது, அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்ளலாமா? "ஓடிவிடுவார்களே, லெவியும் ஏஜெண்டுச் செலவும் நாம் அல்லவா கட்டியது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் ஓட நினைப்பவன் பாஸ்போர்ட் இல்லாமலும் ஓடுகிறான். நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், சிப்பந்திகள் தங்கும் மாடியில் பூட்டுள்ள சிறு பெட்டிகள் வாங்கி வைத்து, பாஸ்போர்ட்டுகளையும் சாவிகளையும் அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒருவரும் ஓடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒருவர் பெட்டியடிக்கு வந்து, தம் ஓவர்டைமில் இரண்டு மாதக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது என்று முதன்முதலாக வாய் திறந்து சொன்னார். பேரேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.