சிறை மீண்டாரும் சைவர் கடனும்

உயிர்கள் வினைக்கீடாக உடம்பெடுத்து, அவ்வினையின் பயனை நுகர்ந்து கழித்து, மலநீக்கம் பெற்று இறைவன் திருவடியை அடைதற்பொருட்டே உலகம் படைக்கப்பட்டது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இத்துணிபைக் கேட்டு உடன்படுவார் பலர். அதனை ஒரு தனி மனிதன்பால் வைத்து வழங்க நேருங்கால் தயங்குவாரும் பலர். குற்றஞ்செய்து, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பெற்று, சிறையினின்று மீண்டு வந்த ஒருவன் தொழில் வேண்டி ஒரு வாயிலில் வந்து நிற்பானாயின், அவனுக்கு அத்தொழிலை நல்குதல் தகுமோ தகாதோ என்பது அத்தகைய தயக்கத்துக்கு இடனாவதொன்று. அது சித்தாந்த நூல்நெறி நின்று ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் தண்டம் என்பது யாதென அறிதல் வேண்டும். தண்டம் பகைமையின் செயலன்று, கருணையின் செயல். இறைவன் உயிர்களைத் துன்பத்திற் செலுத்துதல் மறக்கருணை எனப்படும். தாயும் தந்தையும் சொற்கேளாத புதல்வனை அடித்தும் கட்டியும் வைத்தல் அவன் திருந்துதற்பொருட்டேயன்றிப் பகைமையாலன்று என அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்தில் விளக்குவர். அரசன் செய்யும் தண்டத்தையும் அந்நூலில் எடுத்தோதி, அதுவும் இறைவன் அருள்வழிப்பட்டதே என்றும், அத்தண்டத்துக்கு உட்பட்டார் தூயராய்ப் பின்பு நல்வழியில் நடப்பர் என்றும், அவர் நிரயம் சேரார் என்றும் முடித்துரைப்பர். இம்முடிபு ஊன்றி நோக்கத்தக்கது. அரசதண்டம் நுகர்ந்தானை நிரயமும் ஏற்பதில்லை எனச் சாத்திரம் கூறாநிற்க, ஊரார் தம் வீதியிலே அவனுக்கென ஒரு நிரயம் அமைத்தல் எந்நூல் வழியது? அடித்த கையாலேயே தாய் சோறும் ஊட்டுவாள். அடித்து முடித்தபின் சோற்றையும் மறுப்பவளைத் தாயென்று உலகம் கூறாது.

நீதிமன்றம் விதிக்கும் தண்டத்துக்கு அளவுண்டு. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என அது குற்றத்தின் தன்மை நோக்கி வரையறுக்கப்படுகின்றது. அதற்கு முன் விசாரணையுண்டு. பின் மேல்முறையீடும் உண்டு. தொழில் மறுத்தலாகிய தண்டத்துக்கோ அளவுமில்லை, விசாரணையுமில்லை, மேல்முறையீடுமில்லை. வழிப்பறி செய்தானுக்கும், இளமையில் ஒருமுறை கைகலந்தானுக்கும் அது ஒரே தன்மையதாய், இறக்குமளவும் நீள்கின்றது. அளந்து விதிக்கப்பட்ட தண்டத்தின்மேல் அளவிலாத் தண்டத்தை ஏற்றுவார், தாம் நீதியைக் காப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் நீதியின் எல்லையை மீறியவர் அவரேயாவர்.

இனி, உயிரின் இயல்பை நோக்குதும். செம்பிற் களிம்புபோல ஆணவமலம் உயிரை அநாதியே பற்றியுள்ளது. எனினும் களிம்பு செம்பாகாது; செம்பும் களிம்பாகாது. ஒருவன் களவு செய்தான் என்பது உண்மையாயின், அது மலமறைப்பால் நிகழ்ந்த ஒரு செயல். அச்செயலையே அவனது இயல்பெனக் கொண்டு, ‘இவன் கள்வன், என்றும் கள்வனே’ எனத் துணிதல் பாசத்தைப் பசுவென மயங்கும் மயக்கமாம். களிம்பேறிய செம்புக்குடத்தைத் தெருவில் எறிவார் இலர். புளியிட்டு விளக்கிப் புழங்குவர். மேலும், தொழில் கேட்டு நிற்பானும் அதனைக் கொடுக்க அமர்ந்திருப்பானும் மலமுடைய உயிர்களே. ஒருவனது தீவினை அரசாங்கப் பதிவேட்டில் ஏறிற்று, மற்றவனது ஏறவில்லை. இவ்வேறுபாடு நடைமுறைக்கு வேண்டப்படுவதேயெனினும், ஒருவனை மற்றவனினும் வேறோர் இனமாக்கிவிடும் வேறுபாடன்று.

உயிருக்குரிய மற்றோரியல்பு சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையை எய்தும். இவ்வுண்மையே இப்பொருளுக்கு உயிர்நிலையாயுள்ளது. சிறைவாயிலைக் கடந்து வெளிவருவானை எதிர்கொள்ளக் காத்திருப்பார் யாவர்? பழைய கூட்டாளிகள் காத்திருக்கின்றனர். அவர் அவனிடம் நற்சான்று கேட்பதில்லை. அவனது முன்வரலாற்றைக் குறையாகவும் கருதுவதில்லை. அன்றைக்கே உணவும் பணமும் தருகின்றனர். நல்லோர் வாயில்களோ அடைபட்டுள்ளன. தீச்சார்பு ஒன்றே திறந்திருக்குமாறு செய்துவிட்டு, அவன் தீயனாயினான் என்று பின்னர் இரங்குவதிற் பயனென்னை? தொழில் என்பது கூலி தருவது மட்டுமன்று. அது விடியலில் எழுதற்கு ஒரு காரணமும், உடனுழைப்போர் கூட்டமும், மாலையில் வீடு திரும்புதற்கு ஒரு மதிப்பும் தருகின்ற சார்பு. ஆகலின் தொழில் அளித்தல் பொருளுதவி மாத்திரையன்று, நற்சார்பு அளித்தலாம்.

சிறைப்பட்டார் யாவரும் குற்றமுடையார் எனக் கருதுதலும் பிழை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5,73,000 பேர் இருந்தனர். அவருள் நான்கில் மூன்று பங்கினர் வழக்கு முடிவுபெறாத விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாத அவருட் பலரும் சிறை மீண்டார் என்னும் பெயரைச் சுமந்தே ஊர் திரும்புகின்றனர். பாண்டியன் ஆணையால் மணிவாசகப் பெருமானும் சிறையிடப்பட்டார் என்பதைத் திருவிளையாடற்புராணத்திற் பயின்ற சைவர்க்கு, சிறை ஒன்றே குற்றத்துக்குச் சான்றாகாது என்பது புதிய செய்தியன்று.

தமிழ்நாட்டு வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908இல் அரசநிந்தனைக் குற்றஞ்சாட்டப்பெற்றுக் கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். செக்கிழுத்த கையினராய் 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்றார். அவர் செய்தது நாட்டுத்தொண்டேயன்றிக் குற்றமன்று. ஆயினும் தண்டனை பெற்றார் என்னும் காரணத்தால் அவரது வக்கீற் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் ஓட்டிய பெருமகனார் சென்னையிற் சிறு வாணிகம் செய்தும், நண்பர் உதவியை எதிர்நோக்கியும் வறுமையில் உழன்றார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியாற் சன்னது மீளக் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மகனொருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அப்பெரியாரே 1935இல் சிவஞானபோதத்துக்கு உரை கண்டு வெளியிட்டவர். கல்வியும் புகழும் நண்பரும் உடைய ஒருவர்க்கே சிறையின் நிழல் இத்துணைக்காலம் தொடர்ந்ததாயின், இவை யாதுமில்லாத ஏழை ஒருவனுக்கு அது எத்துணைக் கொடிதாயிருக்கும் என்பது கூறாமலே விளங்கும்.

அரசாங்கத்தின் சட்டமும் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்துள்ளது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், எச்சரிக்கப்பட்டோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டார்க்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு நேராது என 12ஆம் பிரிவில் விதிக்கின்றது. அவதார் சிங் என்பார் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 2016இல், முன்வழக்குப் பற்றிய செய்தியைப் பணி வேண்டுவார் மறையாது கூறல் வேண்டும் என்றது. சிறு குற்றமாயின் மறைத்தமையையும் பணியளிப்போர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. தமிழ்நாட்டுச் சிறைத்துறை புழல், வேலூர் முதலிய இடங்களிற் பெட்ரோல் விற்பனை நிலையங்களைச் சிறையாளரைக் கொண்டே நடத்துகின்றது. அங்கே சிறையாளன் ஒருவன் எரிபொருள் வழங்கி, வருவோரிடம் பணம் பெற்றுக் கணக்கு ஒப்புவிக்கின்றான். மக்களும் தயங்காது வாங்கிச் செல்கின்றனர். தண்டனைக்காலத்தில் நம்பத்தக்கவனாயிருந்தவன், தண்டனை முடிந்த மறுநாள் நம்பத்தகாதவனாய்விடுவது வியப்பேயன்றோ?

இங்ஙனம் கூறியவற்றைக் கேட்டு, ‘அவனவன் வினையை அவனவன் நுகர்தல் வேண்டும்; இடைபுகுந்து உதவுதல் வினைவிதிக்கு மாறாம்’ எனத் தடை நிகழ்த்துவாருமுளர். அது பொருந்தாது. பிறனது வினையின் அளவை அறிந்து பயனூட்டுவான் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. பசித்தானைக் கண்டவிடத்து, இவன் இன்னும் எத்துணை நாள் பசித்தற்குரியன் எனக் கணக்கிடும் அதிகாரம் சிற்றறிவுடைய உயிர்க்கு இல்லை. உதவி கிடைத்தலும் வினைவழிப்பட்டதாகலாம். ஆனால் கொடுக்க வல்லவன் கொடாது மறுத்தல் மறுத்தவனுக்கே ஆகாமியமாய் ஏறும்.

இனி, ‘குற்றமே செய்யாத வறியவர் பலர் தொழிலின்றி வருந்தாநிற்க, குற்றஞ்செய்தானுக்குக் கொடுத்தல் முறையோ?’ எனின், இது மதித்து விடை கூறற்பாலதாகிய வினா. சிறை மீண்டானை மற்றவர்க்கு முன்னே வைத்தல் வேண்டும் என்பது ஈண்டுக் கருத்தன்று. வரிசையில் நிற்கவும் அவனை விடாது துரத்தல் கூடாது என்பதே கருத்து. துரத்தப்பட்டவன் மீண்டும் களவிற் புகுவானாயின், அவனாற் பொருளிழப்பாரும் குற்றமற்ற அவ்வறியவரேயாவர்.

‘அவனாற் பொருளிழந்தாரும், உற்றாரை இழந்தாரும் படும் துயரை மறத்தல் தகுமோ?’ எனின், தகாது. அவரது துயர் பெரிது; மன்னித்தல் அவர்தம் உரிமையேயன்றிப் பிறர் அவர்மேற் சுமத்தும் கடமையன்று. தம்மைத் துன்புறுத்தினானுக்கு அவரே தொழில் அளித்தல் வேண்டும் என எவரும் வற்புறுத்தலாகாது. ஆயின் அத்துன்பத்தில் யாதொரு பங்குமில்லாத மற்றையோர், அவர் பெயரைச் சொல்லித் தம் வாயிலை அடைத்துக்கோடல் இரக்கமாகாது; எளிய சாக்காகும்.

‘அவன் மீண்டும் குற்றஞ்செய்யின் யாது செய்வது?’ என்னும் அச்சம் எஞ்சிநிற்கும். அச்சம் இயற்கையே, அதனை இகழ்தல் வேண்டா. அதற்கு மருந்து முறையறிந்து கொடுத்தலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனச் சோபான முறையில் உயிரை உயர்த்துவது சைவநெறி. அதுபோலப் பொருட்களவிற் புகுந்தானிடம் முதல்நாளே பணப்பெட்டியின் திறவுகோலைக் கொடுத்தல் அறிவுடைமையாகாது. குழந்தைகட்குத் தீங்கிழைத்தானைப் பள்ளிக்கூடத்தின் அருகும் வைத்தலாகாது. குற்றத்தின் தன்மைக்கும் கொடுக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பை நோக்கி, அவனை வீழ்த்திய இடத்திலே மீண்டும் நிறுத்தாது, பிறிதொரு தொழிலிற் படிப்படியாக ஏற்றுதல் வேண்டும். எல்லாத் தொழிலையும் எல்லார்க்கும் திறத்தலும் அறியாமை. எல்லாத் தொழிலையும் ஒருவனுக்கு அடைத்தலும் அறியாமை.

இம்முறையை இறைவனே நடத்திக்காட்டிய வரலாறு மாபாதகம் தீர்த்த படலத்தில் உள்ளது. தந்தையைக் கொன்ற பெரும்பாவி ஒருவன், எத்தலத்திலும் தன் பாவம் நீங்காது அலைந்து மதுரையை அடைந்தான். வேட்டுவ வடிவில் எழுந்தருளிய சோமசுந்தரக் கடவுள் அவனைத் துரத்தினாரல்லர். ‘உன் பாவம் நீங்கிற்று, செல்க’ என ஒரு சொல்லால் விடுத்தாருமல்லர். இரந்த உணவை அளவாக உண்டு, பசுக்களுக்குப் புல் இட்டு, பொற்றாமரையில் நீராடி, திருக்கோயிலை வலம்வருமாறு நாள்தோறும் செய்தற்குரிய பணிகளை அவனுக்கு வகுத்தருளினார். அப்பணிகளைச் செய்தே அவன் தூயனாயினான். நஞ்சுண்ட பெருமான் மாபாதகனுக்கு மருந்தாகக் கொடுத்தது ஒரு நாள்வேலை என்பதைச் சைவர் மறத்தலாகாது.

ஆகவே சைவ நன்மக்கள் செய்யத்தக்கன சில உள. திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் நந்தனவனம், ஆனிரைக் கொட்டில், மடைப்பள்ளிக்கு வேண்டும் விறகும் நீரும் கொணர்தல், திருக்குளம் தூர்வாருதல் எனப் பல பணிகள் உள்ளன. வாணிகம் செய்யும் அன்பர் தம் நெசவுச்சாலை, அச்சுக்கூடம், பண்டசாலைகளில் ஓரிருவர்க்கு இடந்தரலாம். சிறையிலே நெசவும் தையலும் ரொட்டி சுடுதலும் பயின்று வருவார் உளராகலின், அவர் தொழிலறியாதவரும் அல்லர். கொடுப்பார் அவனது முன்வரலாற்றை அறிந்தே கொடுத்தல் நன்று. அறிந்ததை உடனுழைப்போரிடம் பறைசாற்றாதிருத்தல் அதனினும் நன்று. கூலியில் குறைத்தலும், முன்செய்த குற்றத்தைச் சொல்லிக்காட்டி அடிமைகொள்ளுதலும் உதவியாகா. அவை தண்டத்தின் மற்றோருருவமே. ஒருவன் தவறியவிடத்து அவனைத் திருத்துக. தவறாத மற்றவனை அவன்பொருட்டு விலக்கற்க.

நாள்தோறும் திருநீறு அணிவார், அது மலத்தை எரித்து எஞ்சிய தூய்மையின் அடையாளம் என அறிவர். அந்நீற்றைத் தம் நெற்றியில் அணிந்துகொண்டு, பிறனொருவன் மட்டும் என்றும் தூயனாகமாட்டான் எனக் கூறுதல் தம் சமயத்தையே மறுத்தலாம். தண்டம் தந்தவன் அருளால் தந்தான். அத்தண்டம் முடிந்தபின், உழைத்துண்ண ஓரிடம் தருதல் அவ்வருளை நிறைவுசெய்யும் சிவபுண்ணியமாம் என்க.

திருச்சிற்றம்பலம்.