படியும் மூலமும்

அமெரிக்க நாட்டில் உறைபவரும், முன்னர் எம்பாற் சிவஞானபோதம் பாடங்கேட்டவருமாகிய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எமக்கொரு கடிதம் விடுத்தார். பழைய பந்தய வண்டியொன்றின் வடிவாகப் புதிதாய்ச் செய்து விற்கப்படும் மோட்டார் வண்டியை அவர் வாங்கக் கருதியுள்ளார். அதன்கண் எவ்வுறுப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்று வாங்குவோரே தேர்ந்து குறிக்கும்படி, செய்வோர் நெடியதொரு பட்டியல் அனுப்பியுள்ளனர். அதனை அவர் நிரப்பிக்கொண்டிருந்தபொழுது அருகிருந்த சிறுமகன், "அப்பா, இது மெய்யான வண்டிதானா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றனனாம். தந்தையார்க்கு எழுதுகோல் ஓடவில்லை. "ஐயா, மூலமல்லாததனை மூலம்போற் காட்டும் வண்டியில் ஏறிச் செல்லுதல் பொய்ம்மையாகுமா? ஆகாதெனின், இப்பட்டியலில் எவற்றைக் கொள்ளல் தகும், எவற்றைத் தள்ளல் தகும்?" என்பது அவர் எமக்கு எழுதிய வினா.

இதனைக் கேட்ட அன்பர் சிலர், மோட்டார் வண்டிக்கும் சித்தாந்தத்துக்கும் யாது இயைபு என்று நகைத்தனர். யாம் நகைத்திலேம். குடத்தையும் ஆடையையும் பொற்பணியையும் காட்டி முப்பொருளியல்பு உணர்த்திய ஆசிரியர் வழியில் வந்த நமக்குச் செய்பொருள் எதுவாயினும் ஆராய்ச்சிக்கு உரியதே. துறவு பூண்ட பெரியோர்க்கு இத்தகைய ஊர்தி வேண்டாப் பொருள் என்பதில் ஐயமில்லை. இல்லறத்தான் அறநெறியில் ஈட்டிய பொருளைக் கடன்பட்டு அழியாமல் தன் உவகையின்பொருட்டு ஒருசிறிது செலவிடுதலை நம் நூல்கள் விலக்கவில்லை. ஆதலின் வாங்கலாமா என்பதனை விடுத்து, எங்ஙனம் வாங்குவது என்பதனையே ஈண்டு ஆராய்வாம்.

அவர் விரும்பிய வண்டி 'கோப்ரா' எனப்படும். இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் ஏ.சி. என்னும் தொழிற்சாலையார் 1953 முதல் 'ஏஸ்' என்னும் பெயரால் இருவர் அமரும் திறந்த சிறு வண்டியொன்றைச் செய்துவந்தனர். 1959ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வென்றவரும், பின்னர் இதயநோயினாற் பந்தயம் துறந்தவருமாகிய காரல் ஷெல்பி என்னும் அமெரிக்கர், அவ்வண்டியில் போர்டு நிறுவனத்தாரின் எட்டு உருளை எஞ்சினை அமைப்பித்து 1962இற் கோப்ராவைத் தோற்றுவித்தார். 1965இல் ஏழு லிட்டர் எஞ்சினொடு வந்த பெருவண்டி, அதன் கன அங்குலக் கணக்கினால் 427 எனப் பெயர் பெற்றது. அப்பத்தாண்டிற் செய்யப்பட்டவை அனைத்துங் கூடி ஏறத்தாழ ஆயிரமே. அவற்றுள் முதன்முதற் செய்த வண்டி 2016ஆம் ஆண்டில் ஏலத்தில் 1 கோடியே 37½ லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. எனவே மூலத்தை வாங்குதல் பெருஞ்செல்வர்க்கே இயலும். ஏனையோர்க்காகத் தென்னாப்பிரிக்காவிலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும், பிற இடங்களிலும் படிகள் செய்யப்படுகின்றன. மூலத்தின் உடல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. படியின் உடல் பெரும்பாலும் கண்ணாடியிழை. (வண்டியின் பெயர் கனவிற் கிடைத்தது என்பர் ஷெல்பி. எம்பெருமான் திருமேனிக்கு அணியாகிய பொருளின் பெயர் என்பதனால் நம் மாணாக்கர்க்கு அதன்மேற் பற்று மிகுந்ததோ, யாம் அறியேம்.)

இனி, இப்படி பொய்ப்பொருளா எனின், அன்று. கயிற்றில் அரவு தோன்றுதலை எடுத்துக்காட்டி உலகம் பொய் என்பர் ஏகான்மவாதியர். கயிற்றரவு கடியாது, ஓடாது, விளக்குக் கொணர்ந்தால் இல்லையாம். கண்ணாடியிழை நாகமோ விளக்குக் கொணர்ந்தாலும் அங்கேயே நிற்கும், சாலையில் ஓடும், அருகிற் செல்லும் புகைக்குழாயிற் கால் பட்டாற் சுடவுஞ் செய்யும். அவ்வாறு கெண்டைக்காலிற் பட்ட சூட்டினைப் 'பாம்புக்கடி' என்றே அவ்வண்டியுடையார் வழங்குவர். ஆதலின் அஃது உள்பொருள். முதற்காரணம் வேறு ஆகலின் மூலத்தின் வேறாகிய ஒரு காரியம், வடிவொப்புமை உடையது, அவ்வளவே. இதனை 1965இற் செய்த வண்டி என்று ஒருவன் காண்பானாயின், அது திரிபுக் காட்சி. திரிபு காண்பான் அறிவின்கண் உள்ள குற்றமேயன்றிக் காணப்படும் பொருளின்கண் உள்ள குற்றம் அன்று. ஆயினும் அத்திரிபினைப் பிறனொருவன் வேண்டுமென்றே விளைப்பானாயின், குற்றம் விளைத்தானைச் சாரும். நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை இதுவே.

மூலம் மட்டும் தூயதோ என்று ஒருவர் கடாவலாம். நன்றே கடாவினார். ஏஸ் வண்டியின் வடிவமே இத்தாலிய நாட்டுப் பெராரியின் 'பார்ச்செட்டா' என்னும் வண்டியைத் தழுவியது. எஞ்சினோ போர்டு நிறுவனத்தாரது. 427 என்று எழுதி விற்கப்பட்டவற்றுட் சிலவற்றில் உள்ளே இருந்தது விலை குறைந்த 428 என்னும் வேறோர் எஞ்சின். முதல் வண்டி ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில், வண்டிகள் பல உள்ளன என்று பத்திரிகையாளர் கருதுமாறு, ஒவ்வொருவர்க்குங் காட்டுமுன் அதற்கு வேறு வேறு வண்ணம் பூசினர் என்பதும் பலரறிந்த செய்தி. செய்பொருள்களுள் தனக்கு முன் ஒன்றில்லாத முதல் எதுவும் இல்லை. அநாதியாய் நிற்றல் செயற்கைப் பொருளுக்கு இல்லை. ஆயின், மூலத்திலும் கலப்பும் கரவும் உண்டு, ஆகவே படியிற் செய்யும் கரவு குற்றமாகாது என்று முடித்தல் வழு. ஒருவன் செய்த களவு மற்றொருவன் களவுக்கு உரிமைச் சீட்டாகாது.

அற்றேல், எவ்வெல்லை வரை மாற்றலாம்? இதற்கு எமக்குத் தெரிந்த தொழிலினின்றே விடை கூறுவாம். இளமையில் எம் ஆசிரியர் இல்லத்தில் பழைய ஏடுகளைப் பார்த்துத் தாளிற் பெயர்த்தெழுதும் பணி எமக்கு வாய்த்தது. ஏட்டிற் புள்ளி இராது. எகரம் ஏகாரமாம், ஒகரம் ஓகாரமாம். காலும் ரகரமும் ஒரு வடிவாய்க் கிடக்கும். சீர் பிரியாது ஓடும். யாம் புள்ளியிட்டேம், குறில் நெடில் வேறுபடுத்தேம், அடி பிரித்தேம். இவற்றுள் எதுவும் ஏட்டில் இல்லை. ஆயினும் எழுதி முடித்தது அந்நூலே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஏடு செல்லரித்து மாய்ந்தபின் நூல் வாழ்வது அப்படியினாலேதான். ஒருநாள் ஓரடி சிதைந்திருந்த இடத்தில், பொருள் பொருந்த ஒரு சீரினை யாமே இட்டு நிரப்பி, அடையாளம் ஏதும் இன்றி மேலே எழுதிச் சென்றேம். இட்ட சீர் நன்றாகவே இருந்தது. ஆசிரியர் கண்டார். உரத்த சொல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பக்கம் முழுவதையும் கிழித்து, "மறுபடி எழுது, சிதைந்த இடத்தை வெற்றிடமாக விடு" என்றார். புள்ளியிட்டமை படிப்பார்க்குச் செய்த உதவி. சீர் இட்டமை படிப்பார்க்குச் செய்த வஞ்சம். இரண்டும் ஏட்டில் இல்லாதனவே எனினும், தம்முள் மலையும் மடுவும் போல வேறுபட்டன.

இவ்வளவுகோல் கொண்டு மாணாக்கர் அனுப்பிய பட்டியலை நோக்கினேம். திசைதிருப்பும் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் விசைத்துணை அமைத்தல் மூலத்தில் இல்லை, அது புள்ளி. ஐந்து கியர் உடைய பெட்டி மூலத்தில் இல்லை, அங்கு நான்கே, அதுவும் புள்ளி. கார்புரேட்டர் வேண்டுமா, எரிபொருளை அளந்து பீச்சும் இக்காலக் கருவி வேண்டுமா என்பது சற்று நுண்ணியது. முன்னது பழைய ஓசையும் மணமும் தரும்; குளிர்காலையில் எழுப்புவது கடினம். பின்னது உடனே எழும். பழைய ஓசையின்பொருட்டே வண்டி வாங்குகின்றவர் முன்னதைக் கொள்ளுதல் முறை. நாடோறும் ஊர்பவர் பின்னதைக் கொள்க. வண்ணத்தைப்பற்றி எமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீலமும் வெண்பட்டையும் அழகாகவே உள்ளன.

காப்பு உறுப்புக்கள் வேறு வகையின. தோளையும் இடையையும் சேர்த்துப் பிணிக்கும் வார், வண்டி கவிழின் தலையைக் காக்கும் இருப்பு வளைவு ஆகியவற்றை, மூலத்தோடு ஒவ்வா என்று சிலர் தள்ளுவர் என எழுதியிருந்தார். இவ்வுடம்பு வினைநுகர்ச்சிக்கும் வழிபாட்டுக்கும் இறைவன் உதவிய கருவி. பழைமையின்பொருட்டு அதனைப் பலியிடுதல் பத்தியுமன்று, கலையுமன்று. இதிலும் ஒரு கரவுண்டு. அழகுக்கே செய்து, நிறை தாங்கும் வலிமையின்றி நிற்கும் வளைவுகளும் விற்கப்படுகின்றன. அவை ஊர்பவனையே ஏமாற்றுவன. வலிய வளைவைக் கொள்க. இல்லையேல் ஒன்றுங் கொள்ளாதிருக்க.

இனி எஞ்சினும் அதன்மேல் நிற்கும் எண்ணும். மாணாக்கர் ஐந்து லிட்டர் எஞ்சினையே குறித்திருந்தார். ஒரு டன்னுக்குச் சற்றே மேற்பட்ட எடையுடைய வண்டிக்கு அது போதியது, விலையும் குறைவு, முன்புறப் பளுவும் குறைவு. தெரிவு நன்று. ஆயின் பக்கவாட்டில் 427 என்னும் எண் பொறித்த தகட்டினையும் குறித்திருந்தார், அதற்குத் தனி விலை இல்லை என்பதனால். யாம் முன்னர்ச் சிதைந்த அடியில் இட்ட சீர் இதுவே. உறுப்புக்கள் எல்லாம் வண்டிக்கு ஏதேனும் ஒன்று செய்கின்றன; இத்தகடு வண்டிக்கு ஒன்றுஞ் செய்வதில்லை. அதன் தொழில் முழுவதும் காண்பான் கண்ணில் நிகழ்கின்றது. ஊர்பவன் உள்ளிருக்கும்பொழுது அதனைக் காணவும் மாட்டான்! மூல வண்டிகளுக்குரிய அடிச்சட்ட எண்களை ஒத்த எண் பொறித்துத் தருவார் உளராயின், அது வெளிப்படையான குற்றம். அதனை விரித்தல் வேண்டா.

ஈண்டுச் சைவர் ஒருவர் வலியதொரு தடை எழுப்பக்கூடும். நம் மரபில் வேடமே மெய்ப்பொருள் எனத் தொழப்படுகின்றதன்றோ? திருக்கோவலூர் மன்னராகிய மெய்ப்பொருள் நாயனார், புத்தகக் கட்டினுள் உடைவாள் மறைத்து வந்த முத்தநாதனைத் திருநீற்றுக் கோலம் கண்டு வணங்கினார். குத்துண்டு வீழும்பொழுதும் தத்தனைத் தடுத்து, வந்தவனை ஊர்கடந்து செல்லும்வரை காக்குமாறு பணித்தார். பொய்வேடமும் போற்றத்தக்கதாயின், பொய்த்தகடு யாது தீங்கு செய்தது?

இத்தடையை எளிதாகத் தள்ளலாகாது. யாமும் சிலநாள் இதனையே எண்ணிக் கிடந்தேம். வேடத்தைப் போற்றியவர் நாயனார்; போற்றுதற்குரிய தகுதி அவர் அன்பில் நிகழ்ந்தது. அவ்வன்பினால் முத்தநாதன் தூயனாயினான் என்று எவருங் கூறிற்றிலர். ஒரே வேடம் காண்பார்க்கு வீடும், பூண்டார்க்குப் பழியும் ஆயிற்று. ஆதலின், சாலையோரத்தில் நின்று இப்படிவண்டியைக் கண்டு, பழைய கைவினைஞரை நினைந்து ஒரு முதியவர் கண்ணீர் மல்குவாராயின், அவர் அன்பு பொய்யன்று. 'இது கண்ணாடியிழை' என்று அவரை எள்ளுதல் சிறுமை. ஆயின் உள்ளே அமர்ந்திருப்பவன் அவ்வன்பினைத் தனக்குரியதாகக் கவர்தல் வேறு. காண்பார் நெறியைக் கொண்டு பூண்பார் தம்மை விடுவித்துக்கொள்ளல் ஆகாது.

அமெரிக்க அரசினர் 2015ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று இங்கு நினைக்கத்தக்கது. குறைந்தது இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய வண்டியின் வடிவில், ஆண்டொன்றுக்கு 325 வரை, இக்காலக் காப்பு விதிகள் பலவற்றினின்று நீங்கிப் படிவண்டி செய்ய அச்சட்டம் சிறு தொழிலோர்க்கு இடந்தந்தது. தரும்பொழுது, இது படி என்றும் இன்ன ஆண்டின் வண்டியைப் படியெடுத்தது என்றும் கூறும் நிலையான சீட்டு வண்டியில் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. வடிவம் எத்துணை ஒத்தாலும் குற்றமில்லை. உரை மட்டும் பிறழலாகாது என்பதன்றோ இதன் கருத்து? அளவைகளுட் காட்சி மயங்குமிடத்து உரை துணைநிற்கும் என்பதனைச் சட்டஞ் செய்தோர் தம் வழியில் உணர்ந்திருந்தனர் போலும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பட்டியலில் இடும் ஒவ்வொரு குறியும் உயிர் எதனைச் சார விரும்புகின்றது என்பதன் குறியே. காற்றையும் ஓசையையும் விசையையும் சாரின், அவை மாயேய நுகர்ச்சி; நுகர்ந்து கழியும். 'இவன் மூலமுடையான்' என்று பிறர் வியக்கும் வியப்பைச் சாரின், அது நுகர நுகர வளரும். ஆணவம் உண்ணும் உணவு அதுவாகலின். மாணாக்கர் எண்ணிய எண்ணூறு செலவுகளுள் விலையில்லாதது அத்தகடொன்றே என்பதும், அதுவே அவர்க்கு மிக விலை உயர்ந்ததாய் முடியும் என்பதும் எமக்கு வியப்பாயிருந்தன. இவற்றையெல்லாம் சுருக்கி அவர்க்கு எழுதினேம்.

சென்ற திங்கள் மறுமொழி வந்தது. தகட்டின் குறியை நீக்கிவிட்டாராம். செய்வோர் அவ்விடத்தில் வேறு யாது பொறிப்பது என்று வினவினர். வெற்றிடமாக விடுமாறு எழுதினாராம். வண்டி வந்து சேர இன்னும் சில மாதங்கள் உள்ளன. "எரிபொருட் சாலையில் நிற்குந்தோறும் யாரேனும் ஒருவர் வந்து, இது மெய்யானதா என்று கேட்பர் என்று முன்பே வாங்கியோர் சொல்லுகின்றனர், ஐயா. 'இல்லை, புதிதாகச் செய்தது' என்று சொல்லிப் பழகுகின்றேன். மகன்தான் கேட்பவனாக நிற்கின்றான். முதல் இரண்டுமுறை 'இல்லை' என்பதன்பின் சிறிது விளக்கமும் சேர்த்தேன், அது வேண்டாம் என்கின்றான்" என்று எழுதியிருந்தார்.