அனுபானமும் தவமும்

சித்த மருத்துவர் சூரணம் அளிக்குங்கால் அதனை எதனுடன் உட்கொள்வது என்பதையும் சேர்த்தே கூறுவார். வெந்நீர், பால், நெய், தேன் எனத் துணைநிற்கும் அதுவே அனுபானம். நோய்க்கேற்ப அது மாறும், சூரணம் ஒன்றே. (தேன் சிராவகர்க்கு விலக்கு என்பதைக் கூச்சமின்றி எடுத்துரைத்தால் மருத்துவர் வேறொன்று சொல்வார்.)

மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலம் செய்த காரியாசானும், ஏலாதி செய்த கணிமேதாவியாரும் நம் சமயத்தவரே. அவர் வழியில் தவத்தையும் நோக்குவோம். தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு என்கிறது. உண்ணாநோன்பு புறத்தவத்துள் முதலாவது. பிராயச்சித்தம், பணிவு, தொண்டு, சுவாத்தியாயம், பற்றுவிடல், தியானம் ஆகியன அகத்தவம். அகத்தவம் மருந்து, புறத்தவம் அதன் அனுபானம். நாள் முழுதும் பட்டினி கிடந்து மாலையில் மருமகளைச் சுடுசொல்லால் வாட்டுவோர் அனுபானத்தை மட்டும் பருகியவராவர்.

நீரிழிவுற்ற முதியோர் சிலர் சதுர்த்தசியன்று இன்சுலின் செலுத்திக்கொண்டு உண்ணாதிருக்க முற்படுகின்றனர். பிள்ளைகள் தடுத்தால், தருமம் கெட்டதே எனக் கலங்குகின்றனர். இன்சுலினுக்குப்பின் உணவின்றேல் இரத்தச் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்து நினைவிழக்க நேரும். உயிருக்கே இடரும் வரலாம். ஆற்றலுக்கேற்ற தவம் என்பது பதினாறு பாவனைகளுள் ஒன்றன்றோ! உணவைக் காலத்தே உண்டு, விருப்பமான சுவையொன்றை அன்று விலக்குதல் ரஸபரித்தியாகம், அதுவும் புறத்தவமே. பேரப்பிள்ளை அருகமர்ந்து மேருமந்தர புராணத்தைப் படித்துக் காட்டினால், கேட்கும் பெரியவர்க்கு அது சுவாத்தியாயம். படிக்கும் பிள்ளைக்குத் தொண்டும் ஆகும்.