நேராக்கியவனின் பங்கு

துப்பாக்கியின் குறியைச் சரிசெய்து கொடுப்பவனுக்கு, அது பின்னால் செய்யப்போகிற காரியத்தில் பங்கு உண்டா? காவல்துறை ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதை என்னிடம் முகத்துக்கு நேரே கேட்டவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு நயினார். மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவர். “ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் வெக்கிறீங்க, சரி தம்பி. குறி தப்பாம அடிக்கிற மாதிரி பண்ணிக் குடுக்கிறீங்களே, அந்த வினை யாருக்கு ஒட்டும்?” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. வேலை என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் அதிகம் கையாண்டது ‘த்ரீ நாட் த்ரீ’. 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 லீ-என்ஃபீல்டு; வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களைப் பார்த்த பிறகும் நம் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் சங்கிலி கோத்து நின்றது. பின்சைட் என்பது 200 கெஜத்திலிருந்து 2000 கெஜம் வரை கோடு போட்ட, ஏற்றி இறக்கும் தகடு. முன்சைட், குழாயின் நுனியில் இரண்டு இரும்புக் காதுகளுக்கு நடுவே நிற்கும் சின்னத் தகடு. அது பல உயரங்களில் வரும்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்பதால், 100 கெஜத்தில் தோட்டா விழும் இடம் அதனால் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் மாறிவிடும்.

சைட்டைத் தொடுவதற்கு முன் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து தோட்டா சுட வேண்டும். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால்தான் சைட்டைப் பற்றிப் பேசவே முடியும். சிதறினால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. முன்கட்டையின் திருகு தளர்ந்திருக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் குழாயை ஒரு பக்கம் நெட்டும். குழாயைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்துக் குழாயின் வாய் தேய்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் சுட்டவனின் மூச்சு, விசையை வெடுக்கென்று இழுத்த விரல். இவற்றையெல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் திருத்தம். அதிலும் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: தோட்டா இடப்பக்கம் போனால் முன்சைட்டையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் தாழ்ந்த தகடு. பிழை போன திசையிலேயே சைட்டும் போகிறது. கண் அதைத் திரும்ப இலக்குக்குக் கொண்டுவரும்போது குழாய் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. தகட்டைத் தள்ளத் திருகு வைத்த கருவி உண்டு. சுத்தியலை எடுத்துத் தட்டுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நயினாரிடம் என் வாதத்தை வைத்தேன். கூட்டத்தை நோக்கிச் சுட உத்தரவானால் தாழ்த்திச் சுடு என்பது காவலர் பாடம். இரண்டு தகடு அளவுக்கு மேலே அடிக்கிற துப்பாக்கி அந்தப் பாடத்தைப் பொய்யாக்கிவிடும். பக்கவாட்டில் விலகினால் அடிபடுகிறவர் சம்பந்தமே இல்லாமல் அருகில் நின்றவர். துருப்பிடிக்க விட்டதால் எந்தத் துப்பாக்கியும் அகிம்சை பழகியதில்லை. நேராக்கிய துப்பாக்கியிலோ சுடுகிறவன் நினைத்ததும் நடந்ததும் ஒன்றாகிவிடும். ‘துப்பாக்கி அப்படி’ என்று அவன் பிறகு சொல்ல முடியாது.

அவர் பாதி ஏற்றார். சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி, உயிர் போவதை மட்டும் வைத்து இம்சையை வரையறுக்கவில்லை. விழிப்பில்லாமல், உள்ளக் கொந்தளிப்பின் வசப்பட்டு உயிரைப் பறிப்பதையே இம்சை என்கிறார். ஆகவே ஆர்மரரின் கவனத்துக்கு அறத்தில் இடம் உண்டு என்றார் நயினார். ஆனால் அடுத்த வார்த்தையிலேயே என்னை மடக்கினார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார் காரணமில்லாமல் செய்யும் தீங்குகளைப் பட்டியலிடும்போது கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி போன்றவற்றைப் பிறர் கையில் கொடுப்பதையும் அதில் சேர்க்கிறது. அதைத் தமிழில் தழுவி எழுந்த அருங்கலச்செப்பைச் சிறு வயதிலேயே படித்தவர் அவர். “நீங்க சுடலதான் தம்பி. கொடுத்தீங்க இல்ல?”

அதே மரபில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களில் முதலாவது வாள்தொழில். உழவும் எழுத்தும் அதற்குப் பின்னால்தான். காவல் செய்கிறவனை அந்த அறம் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. காரணத்தோடு கொடுத்தால்? யார் சொல்லும் காரணம்? இந்த இடத்தில் இருவரும் வெகுநேரம் நின்றுவிட்டோம்.

பேச்சு பிறகு மனித உருவ அட்டைக்குத் திரும்பியது. பயிற்சிக் களத்தில் சுடுகிறவர்களுக்கு முன்னால் நிற்பது அதுதான். சமணத்தின் இன்னொரு பிரிவான சுவேதாம்பரரின் ஆகமமான சூத்ரகிருதாங்கத்தில் பௌத்தரோடு நடக்கும் ஒரு வாதம் உண்டு: பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணி ஒருவன் குத்தினால் அது கொலையா? எண்ணமே வினை, ஆகவே அது கொலை; மனிதனைப் பிண்ணாக்கு என்று எண்ணிக் குத்தினால் கொலை இல்லை என்பது பௌத்தர் பக்கம். அப்படிக் குழம்புகிறவனின் அறியாமைக்கு நீங்கள் சலுகை தருகிறீர்கள் என்று மறுப்பது சமணர் பக்கம். “அது எங்க ஆகமம் இல்ல, ஆனா கேள்வி நல்ல கேள்வி” என்றார் நயினார். அட்டையைச் சுடும்போது என் மனத்தில் ஆள் இருந்ததில்லை, வெள்ளைப் புள்ளிதான் இருந்தது என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அதில் இருக்கும் ஆபத்து எனக்கு உறைத்தது. மனித வடிவத்தைப் பார்த்தும் மனிதனை நினைக்காமல் இருக்கக் கண் அங்கே பழகிக்கொள்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தருவது குறிபார்ப்பது மட்டும் இல்லை.

ஆகவே என் விடை: பங்கு உண்டு. சுட்டவன் கணக்கில் முழுவதையும் எழுதிவிட்டு நான் ஒதுங்க முடியாது. கோணலான துப்பாக்கியைக் காவலுக்குக் கொடுக்கக் கூடாது என்பதிலும் மாற மாட்டேன். இரண்டையும் ஒருசேரத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொண்டால் போதாது, ஒப்புக்கொண்ட வினையும் வினைதான் என்கிறார் நயினார். சமண மரபில் பிரதிக்கிரமணம் இருக்கிறது. செய்ததை எண்ணிப்பார்த்து, வருந்தி, திரும்பி வருவது. நம் ஆயுத பூசையில் தொழில் செழிக்க வேண்டுதல் உண்டு, கருவிக்கு நன்றி உண்டு. இப்படி எண்ணிப்பார்த்து வருந்துவதற்கு இடம் இல்லை. இருந்தால் நல்லது என்று உண்மையாகவே நினைக்கிறேன். குங்குமம் வைப்பதற்கு முன், அந்த ஆண்டில் கிடங்கிலிருந்து வெளியே போய் மனிதர்களை நோக்கிச் சுட்ட துப்பாக்கிகளின் எண்களை ஆர்மரர் எழுந்து நின்று வாசிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று வாசிக்கலாம்.