இரு சுவர்களுக்கு நடுவே

மார்கழி மாதம். விடியற்காலை நாலு மணிக்கு வார்டே தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா வெந்நீர் கேட்டாள். முந்தின இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்த பிளாஸ்க். மூடியைத் திருகியதும் ஆவி எழுந்து என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

"இப்பத்தான் காய்ச்சினியா?" என்றாள்.

இல்லை. ஏழு மணி நேரமாக அது கட்டிலுக்கு அடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. உள்ளே அடுப்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. சூட்டை அது உண்டாக்குவதில்லை. வந்ததைப் போகவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீரா ஐஸ் மோரா என்றுகூட அதற்குத் தெரியாது.

அம்மா மறுபடி கண்ணயர்ந்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிக்கூட்டுக்குள் இரண்டு கண்ணாடிச் சுவர்கள். நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. அதிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடியில் சிறு முனையாக உருக்கி மூடியிருக்கிறார்கள். சூடு ஒன்றைத் தொட்டுத் தொட்டுக் கடக்கும். அல்லது காற்றும் நீரும் அதைச் சுமந்துகொண்டு போகும். தொடவும் சுமக்கவும் அந்த இடைவெளியில் ஆளே இல்லை. கண்ணாடிக்கு எந்தப் பெருமையும் இல்லை. வேலை செய்வது அந்த 'இல்லை'தான்.

சின்ன வயதில் அம்மா என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். ரகசியம் என்றார்களே என்று எக்கி எக்கிப் பார்த்தேன். திரை விலகியது. தங்க வில்வமாலை தொங்கியது, அதற்குப் பின்னால் வெறும் வெளி. "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன். "அதான்டா" என்றாள். அந்தப் பதிலில் எனக்கு அன்று பெரிய ஏமாற்றம்.

இந்தக் குடுவையைச் செய்தவர் வெந்நீரை நினைத்துச் செய்யவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டூவர், 1892-இல் லண்டனில், திரவமாக்கிய வாயுக்களை வைத்துக்கொள்ளத்தான் ஒரு பாத்திரம் தேடினார். சுற்றியிருக்கும் காற்றின் சாதாரண வெப்பம் பட்டாலே கொதித்துப் பறந்துவிடும் பொருள்கள் அவை. 1898-இல் அவர் ஹைட்ரஜனையும் திரவமாக்கினார். அது கொதிப்பதே மைனஸ் 253 டிகிரி செல்சியஸில். அவ்வளவு குளிரைக் காக்கப் பிறந்த பாத்திரத்தில்தான் நாம் கஞ்சி கொண்டுபோகிறோம். டூவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழிலாளி அதற்கு உலோகக் கூடு போட்டு 1903-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே அது 'தெர்மோஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. டூவர் வழக்காடியும் பயனில்லை. எதையும் வெளியே போகவிடாத பாத்திரத்தைச் செய்தவர் கையிலிருந்து அந்தப் பாத்திரமே போய்விட்டது. அவருக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் வெறுமை மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சூரியனுக்கும் நமக்கும் நடுவே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் வெறும் வெளிதான். வெயில் அதைத் தாண்டி வந்து நம் முதுகைச் சுடுகிறது. கதிராகப் பாயும் சூட்டுக்கு வெறுமை தடையே இல்லை. அதனால் அந்த இரண்டு சுவர்களுக்கும் வெள்ளிப் பூச்சு. கிளம்பும் கதிரை அது பெரும்பாலும் வந்த வழியே திருப்பிவிடுகிறது. தியானத்தில் உட்காரும்போது எனக்கு நேர்வதும் இதுதான். பேச்சு நின்றிருக்கும், கண் மூடியிருக்கும். ஆனாலும் யாரோ எப்போதோ சொன்ன சொல் எந்த ஊடகமும் இல்லாமல் பாய்ந்து வந்து சுடும். மௌனம் இருக்கிறது, பூச்சுதான் இன்னும் ஏறவில்லை.

கழுத்து ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். உள்சுவரும் வெளிச்சுவரும் சேரும் ஒரே இடம் அது. பிளாஸ்க் இழக்கும் சூட்டில் பெரும்பகுதி அந்த வழியாகவும் மூடி வழியாகவும்தான் போகிறது. கழுத்தே இல்லாமல் முழுக்க அடைத்துவிட்டால் இன்னும் நன்றாகக் காக்கும். ஆனால் யாருக்கும் ஒரு வாய் ஊற்ற முடியாது. முற்றும் துறந்தவர்கள்கூடப் பிச்சைக்கென்று ஒரு தெருவை வைத்துக்கொண்டது ஏன் என்று அன்றுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

நாலாம் நாள் பிளாஸ்க் கை தவறி விழுந்தது. உடைந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. குலுக்கிப் பார்த்தேன், சில்லு எதுவும் உருளவில்லை. தப்பித்தோம் என்று வெந்நீர் நிரப்பிக்கொண்டு வந்தேன். அடியிலிருந்த அந்தச் சிறு முனை விண்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் காற்று புகுந்துவிட்டது. பார்வைக்கு அதே பிளாஸ்க்தான். நடுவே இருந்த இடம் நிரம்பிவிட்டது, அதுதான் கேடு. விடியற்காலை திறந்தபோது ஆவி இல்லை. நல்ல பிளாஸ்க் எவ்வளவு கொதிநீரை வைத்திருந்தாலும் வெளியே தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். இதைத் தொட்டபோது உடம்பெல்லாம் இளஞ்சூடு.

"கெட்டுப்போச்சும்மா. இன்னைக்கு வேற வாங்கிடறேன்" என்றேன்.

அம்மா அதைக் கேட்டு வாங்கினாள். ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்து, போர்வைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா. கைக்கு இதமா இருக்கு."