இருமலும் அச்சமும்

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானத். அதனைப் பேணுவது கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பேணுதல் எங்கே முடிகிறது, வீண் அச்சம் எங்கே தொடங்குகிறது? வாரக்கணக்கில் விடாத வறட்டிருமலைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த செடெனாக்கில் இருமலுக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஜொகூர் மாநிலம் புகைமூட்டத்தை நன்கறியும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம்; 2013 ஜூன் மாதம் மூவாரில் அது 746ஐ எட்டிற்று. மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. 2015இலும் 2019இலும் புகை திரும்பவும் வந்தது.

புகை மட்டுமன்று. சளிக்காய்ச்சல் நீங்கிய பின்னும் இருமல் 8 வாரம் வரை தங்கக்கூடும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, ஆஸ்துமா, மேலேறி வரும் இரைப்பை அமிலம், சிகரெட் ஆகியவையும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்திற்குச் சாப்பிடும் எனலாப்ரில், பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரைகளே சிலருக்கு வறட்டிருமலைத் தருகின்றன. தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு மருந்து மாற்றித் தருவார். அரிதாக நுரையீரல் புற்றுநோயும் உண்டு. காசநோயோ இந்நாட்டைவிட்டு இன்னும் அகலவில்லை. அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25,000 பேருக்கு அது கண்டறியப்பட்டு வருகிறது.

இந்த இடத்தில்தான் மனிதர் இரு வகையாகப் பிரிகின்றனர். ஒருவர், "வெறும் தொண்டைக் கரகரப்பு" என்று பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்கிறார். காசநோய் என்று சொல்லிவிட்டால் ஊர் என்ன பேசும், மகளின் சம்பந்தம் என்னவாகும் என்பது அவர் உள்ளத்திலுள்ள பயம். அந்தப் பயத்திற்கு அவர் சூட்டும் பெயர் தவக்குல்! ஒட்டகத்தைக் கட்டாதவர் தவக்குல் பேசலாமா?

மற்றவர் கிளினிக்குக்குப் போகிறார். எக்ஸ்ரேயில் குறையில்லை. மனம் ஆறாமல் வேறொரு கிளினிக்குக்குப் போகிறார். இரவெல்லாம் கைத்தொலைபேசியில் நோய்களின் பெயரைத் தேடுகிறார். தொண்டையையே நினைத்திருந்தால் அரிப்பு அதிகரிக்கும். அடிக்கடி செருமினால் தொண்டை மேலும் புண்படும். அச்சமே இருமலை வளர்க்கிறது.

இவ்விருவரும் எதிரெதிரானவர்போல் தோன்றினாலும் உண்மையில் ஒரே இனத்தவரே. முன்னவர் உண்மையைக் கேட்க மறுக்கிறார். பின்னவர் கேட்ட உண்மையை ஏற்க மறுக்கிறார்.

"டாக்டரும் தவறலாமன்றோ?" என்று கேட்கலாம். தவறலாம். ஆகவேதான் இருமலில் இரத்தம், மெலிவு, இரவு வியர்வை, தொடர் காய்ச்சல், மூச்சுத்திணறல் இவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி மீண்டும் வரச் சொல்கிறார்கள். புதிய அறிகுறி மீண்டும் போவதற்குக் காரணம். பழைய அச்சம் காரணமாகாது.

இருவரின் குற்றமும் சமமன்று. காசநோய் காற்றின் வழி பரவுவது. அதனை மறைப்பவர் வீட்டுக் குழந்தைக்கும், தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவருக்கும் தீங்கிழைக்கிறார். பெரும்பாலும் 6 மாத மருந்தில் குணமாகும் நோய்க்கு இத்தனை மறைப்பு ஏன்? நோயாளியை ஒதுக்கி வைக்கும் ஊராரும் அந்த மறைப்பில் பங்காளிகளே.

அஞ்சி அலைபவர் படும் துன்பமோ மெய்யானது. அவரை நகைப்பது அறமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைது அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சமே நோயாகிவிட்டால் அதனையும் டாக்டரிடம் சொல்வதில் வெட்கமென்ன?

சகோதரர்களே! இருமல் இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தால் கிளினிக்குக்குப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். சொன்னதைக் கேட்டு நடங்கள். நம்மைக் கிளினிக்கின் வாசல்வரை கொண்டுபோய் விடுவதே அச்சத்தின் வேலை. திரும்பி வரும்போது அதனையும் வீட்டுக்கு அழைத்து வரவேண்டியதில்லை.