அம்மா கதை சொல்லும்போது அழைப்பைத் துண்டிக்காதீங்க



இன்னைக்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்ல. அக்கா பசங்களோட பழனிக்குப் போயிட்டு வந்த கதை. ஆனா அந்த மலையில் முருகன் எனக்கு ஒரு பாடம் நடத்திட்டார். அதை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல.

நான் பெங்களூருல மென்பொருள் வேலையில இருக்கேன். அக்கா வீடு திருப்பூர். பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு அஞ்சு. பழனி போறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவங்க கார்ட்டூன் ஒண்ணு நான் பார்க்கணும், என் படம் ஒண்ணு அவங்க பார்க்கணும். நான் போட்டது 1965-ல வந்த 'திருவிளையாடல்'.

ஏ.பி.நாகராஜன் இயக்கம், கே.வி.மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு. சின்ன வயசுல எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. பாட்டு வந்தா அப்பா தொடையில தாளம் போடுவார். இந்தக் காலத்துப் பசங்க பத்து நிமிஷம் தாங்குவாங்களான்னு பயந்தேன். நாகேஷ் தருமியா வந்து புலம்புனதும் ரெண்டு பேரும் சோபாவுல உருண்டு சிரிச்சாங்க. சின்னவ மட்டும் பாதியிலயே தூங்கிட்டா.

மறுநாள் காலையில பழனி அடிவாரம். திருஆவினன்குடியில் கும்பிட்டுட்டு யானைப்பாதையில ஏறலாம்னு முடிவு. 2023 அக்டோபர் 1-ல இருந்து மலைக்கோயிலுக்குள்ள செல்போன் கூடாது, உங்களுக்கே தெரியும். ஃபோனைக் கொடுத்துட்டு டோக்கன் வாங்கினதும் கை ரெண்டும் காலியா இருந்தது. சின்னவ அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, நான் தூங்குனதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டா.

ஏறிக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சேன்.

நாரதர் கயிலாயத்துக்கு மாம்பழம் கொண்டு வர்றார். யார் முதல்ல உலகத்தைச் சுத்தி வர்றாங்களோ அவங்களுக்குப் பழம். முருகன் மயில்ல பறந்து போறார். விநாயகர் அம்மா அப்பாவைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிக்கிறார். முருகன் கோபிச்சுக்கிட்டு இந்த மலைக்கு வந்துடுறார்.

பெரியவன் உடனே நிறுத்தினான். "ஏன் மாமா, ரெண்டா வெட்டிக் கொடுத்திருக்கலாம்ல?"

"அது வெட்டக்கூடாத பழம்டா"ன்னு சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்ல. உண்மையைச் சொன்னா எனக்கும் இல்ல.

ஏன்னா எங்க வீட்டுலயும் ஒரு பழம் இருக்கு. அண்ணன் கடை வைக்க, அப்பா சேர்த்து வச்சதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன், எனக்குக் கல்விக் கடன். போன வருஷம்தான் கடைசித் தவணை கட்டினேன். மாசாமாசம் பணம் பிடிச்ச குறுஞ்செய்தி வரும்போதெல்லாம், 'பழம் அண்ணனுக்கு'ன்னு மனசு சொல்லும். சண்டை எதுவும் போடல. ஊருக்குப் போறதைக் குறைச்சேன். ரெண்டு தீபாவளிக்குப் போகல. என் மலை பெங்களூர்னு வச்சுக்கோங்களேன்.

கதைக்கு வர்றேன். கோபமா நிக்குற முருகனைச் சமாதானம் பண்ண முதல்ல ஒளவையார் வர்றாங்க. கே.பி.சுந்தராம்பாள் நடிச்சுப் பாடின இடம். அதுக்கப்புறம் யார் வர்றாங்க? அம்மா. பார்வதி தாயே வர்றாங்க. வந்து அதட்டல. "இப்படிக் கோபப்படலாமா, கிளம்பு"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கல. உட்கார்ந்து கதை சொல்றாங்க. யாரோட கதை? எந்த அப்பா மேல கோபமோ, அதே அப்பாவோட கதை.

யோசிச்சுப் பாருங்க. படம் முழுக்க நாம பார்க்குற தருமி கதை, தாட்சாயணி கதை, மீனவர் கதை, விறகுவெட்டி கதை எல்லாமே, கோபத்துல இருக்குற ஒரு பிள்ளைக்கு அம்மா சொல்றதுதான். அதுலயும் அந்த விறகுவெட்டி கதை! ஹேமநாத பாகவதரோட போட்டி போட முடியாம பாணபத்திரர் தவிச்சு நிக்கும்போது, அப்பன் விறகு சுமந்து வந்து, பாகவதர் தங்கியிருக்குற வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பாடுறார். பழம் தராத அப்பாவா மட்டும் பார்த்த பிள்ளைக்கு, யாருக்காகவோ விறகு தூக்கின அப்பாவை அம்மா காட்டுறாங்க.

இதைச் சொல்லி முடிச்சேன். சின்னவ கேட்டா பாருங்க ஒரு கேள்வி:

"அம்மா இவ்ளோ கதை சொன்னாங்களே, முருகர் 'மீட்டிங் இருக்கு'ன்னு சொல்லலையா?"

அக்கா சிரிச்சுட்டா. என்னால சிரிக்க முடியல. முந்தின நாள் சாயந்தரம் அம்மா கூப்பிட்டப்போ நான் சொன்னதை அவ கேட்டிருக்கா.

வாரம் ரெண்டு தடவை அம்மா கூப்பிடுவாங்க. "அப்பா இன்னைக்கு உன் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சார்டா." "அப்பாவுக்கு முட்டி வலி, சொன்னா கேட்காம நடந்தே சந்தைக்குப் போயிட்டு வந்தார்." இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. நான் "மீட்டிங் இருக்கும்மா"ன்னு வச்சுடுவேன். அம்மாவுக்குப் பேச வேற விஷயமே இல்லையான்னு எரிச்சல் வரும். அந்தப் பாதையில நிக்கும்போதுதான் புரிஞ்சது. அம்மா எனக்குத் திருவிளையாடல் சொல்லிட்டு இருந்திருக்காங்க. நான் முதல் கதையிலயே அழைப்பைத் துண்டிச்சிருக்கேன்.

மேல போனோம். தண்டாயுதபாணியா, கையில தண்டோட, ஆண்டியா நிக்குற அப்பனைப் பார்த்தேன். வழக்கமா வேலை, சம்பள உயர்வு, கல்யாணம்னு ஒரு பட்டியல் வச்சிருப்பேன். அன்னைக்கு ஒண்ணும் கேட்கத் தோணல.

இறங்கும்போது பஞ்சாமிர்தம் வாங்கினோம். மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை எல்லாம் சேர்ந்தது. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச பிரசாதம். பெரியவன் விரலை நக்கிக்கிட்டே சொன்னான்: "மாமா, இங்க பழத்தைப் பிசைஞ்சே கொடுத்துட்டாங்க. இப்ப யாரும் சண்டை போட முடியாது."

சொந்தங்களே, இதுக்கு மேல நான் என்ன பிரசங்கம் பண்ண? வெட்டக்கூடாத ஒரு பழத்துக்காகக் கோபிச்சுக்கிட்டு வந்தவர், தன் வாசலுக்கு வர்றவங்களுக்கு எல்லாம் பழத்தைப் பிசைஞ்சு கொடுக்குறார். தனக்குக் கிடைக்காததை மத்தவங்களுக்குக் கிடைக்க வைக்குறதுதான் அவர் கோபம் போய்ச் சேர்ந்த இடம். என் கோபம் எங்க போய்ச் சேர்ந்தது? ரெண்டு தீபாவளிக்கு ஒரு வீட்டுல ஒரு இலை குறைஞ்சது, அவ்வளவுதான்.

அப்பா செஞ்சது சரின்னு நான் சொல்ல வரல. இன்னும் எனக்கு வலிக்குது. ஆனா வலிக்குதுங்கிறதுக்காக, மலையேறி வர்ற அம்மாவோட கதையைக் கேட்காம இருக்க வேண்டியதில்லை.

டோக்கனைக் கொடுத்து ஃபோனை வாங்கினதும் அம்மாவைக் கூப்பிட்டேன். "அப்பா இன்னைக்கு என்னம்மா பண்ணார்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் இருபது நிமிஷம் பேசினாங்க. அப்பா ஃபோனை வாங்கல. பின்னாடி இருந்து குரல் மட்டும் கேட்டுச்சு: "பஞ்சாமிர்தம் வாங்கிட்டானான்னு கேளு."

"ரெண்டு டப்பா வாங்கியிருக்கேன், நானே கொண்டு வர்றேன்னு சொல்லும்மா"ன்னேன்.

இந்தக் கிருத்திகைக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா, உங்க அம்மா அப்பாவோட நீங்க பார்த்த பாட்டுப் படம் ஒண்ணை அவங்களோட உட்கார்ந்து பாருங்க. தூங்கிட்டாங்கன்னா மிச்சக் கதையை மறுநாள் நீங்களே சொல்லுங்க. அம்மா கூப்பிட்டா, கதை முடியுற வரைக்கும் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
பழனி ஆண்டவனுக்கு அரோகரா!